யாரை ‘அது’ என்கிறோம்?

2023 ஆகஸ்ட் 23ஆம் தேதி மாலை சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியபோது, விழுப்புரத்துக்கு அது சொந்த வீட்டு விசேஷமாக இருந்தது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் அந்த ஊர்க்காரர். ரயில்வே ஊழியரின் மகன். அங்கேயே ரயில்வே பள்ளியிலும் பிறகு பாலிடெக்னிக்கிலும் படித்து மேலே போனவர். அடுத்த சில வாரங்களில் இஸ்ரோ வெளியிட்ட செய்திகளைச் சேர்த்துப் படித்தால் ஒரு வேடிக்கை கண்ணில் படும். தான் வந்து சேர்ந்துவிட்ட சேதியை விண்கலமே நாட்டு மக்களிடம் சொல்கிறது. 26 கிலோ எடையுள்ள பிரக்யான் ஊர்தி வழி தேடி வட்டமடிக்கும் காட்சியை, அம்மா பார்த்துக்கொண்டிருக்க நிலா முற்றத்தில் குதித்து விளையாடும் பிள்ளையாக வர்ணிக்கிறார்கள். செப்டம்பர் 2ஆம் தேதி அதை ‘தூங்க’ வைத்தார்கள். 22ஆம் தேதி ‘எழுப்பி’ப் பார்த்தார்கள்; எழுந்திருக்கவில்லை. எந்திரத்தை எந்திரம் என்று மட்டுமே பேச வேண்டிய விஞ்ஞானிகளுக்கே இந்தப் பேச்சு இவ்வளவு இயல்பாக வருகிறது. பள்ளிக்கூடத்தில் இதைத் தற்குறிப்பேற்ற அணி என்று படித்திருக்கிறோம். கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டாம் என்று மதுரைக் கோட்டைக் கொடிகள் கையசைத்ததாக இளங்கோவடிகள் சொன்ன இடம்தான் அதற்கு வழக்கமான உதாரணம்.

உயிரில்லாத பொருளுக்கும், உருவமில்லாத சக்திக்கும், நோய்க்கும், நதிக்கும், தெய்வத்துக்கும் மனிதத் தன்மையைக் கொடுக்கிற செயலுக்குத் தமிழில் ஒற்றைச் சொல் நிலைக்கவில்லை. அகராதிகள் ஆளுக்கொரு சொல்லைச் சொல்கின்றன. பேச்சில் நமக்குக் கைவசம் இருப்பது ‘ஆளாக்குவது’ என்ற வினை. அனாதையாக நின்ற பிள்ளையை அத்தை ஆளாக்கினாள் என்போம்; பெண்பிள்ளை பூப்பெய்தினால் ஆளாகிவிட்டாள் என்போம். இந்த வினைக்குள் இரண்டு வேறு வேறு வேலைகள் கலந்துகிடப்பதாக எனக்குப் படுகிறது. ஒன்று, ஒரு பொருளுக்குக் கண், மூக்கு, தூக்கம், கோபம் எல்லாம் கொடுத்து மனித வேடம் கட்டுவது. மற்றது, அதற்கு நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று ஒப்புக்கொள்வது. முதலாவது அலங்காரம், கவிஞனும் செய்யலாம், விளம்பரக் கம்பெனியும் செய்யலாம். இரண்டாவதுதான் ஒரு சமூகத்தின் முதுகெலும்பைத் தொடுகிற காரியம். பிரக்யானுக்குக் கிடைத்தது வேடம் மட்டும். விழுப்புரம் வட்டாரத்தின் தெய்வங்களுக்கும் திருவிழாக்களுக்கும் கிடைத்திருப்பது இரண்டாவது வகை. அந்த வட்டாரத்தின் மனிதர்களில் சிலருக்கு இன்றும் கிடைக்காமல் இருப்பதும் அதே இரண்டாவது வகைதான்.

இந்தப் பிரிவினையைத் தமிழ் இலக்கணம் வெகு காலத்துக்கு முன்பே யோசித்திருக்கிறது. உயர்திணை, அஃறிணை என்று உலகத்தை இரண்டாகப் பிரிக்கும்போது, தொல்காப்பியம் உயிருள்ளது, உயிரில்லாதது என்று கோடு போடவில்லை. மாட்டுக்கும் மரத்துக்கும் உயிர் உண்டு. ஆனாலும் அவை அஃறிணை. பேசுகிறவர் மக்கள் என்று கருதிச் சுட்டுகிறவர்களே உயர்திணை என்பது அந்த நூற்பாவுக்குச் சொல்லக்கூடிய பொருள். கோடு பொருளின் உடம்பில் இல்லை, பேசுகிறவரின் மதிப்பில் இருக்கிறது. பக்கத்துத் தெலுங்கில் ஒருமையில் பெண்ணைச் சொல்லும் வினையும் பொருளைச் சொல்லும் வினையும் ஒன்றாகவே அமைவதைப் பார்த்தால், மொழிக்கு மொழி இந்தக் கோடு எவ்வளவு இடம் மாறுகிறது என்பது தெரியும். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் சற்றுப் பின்னால் வருகிற விதி இன்னும் ஆச்சரியமானது. ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் சொல்லுக்கும் தெய்வத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் தமக்கென்று தனி விகுதி கிடையாது. இரண்டும் உயர்திணைக்குரிய விகுதிகளையே எடுத்துக்கொண்டு வரும் என்கிறது அது. தெய்வமும் திருநங்கையும் ஒரே நூற்பாவில், ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்த்துக்கொண்டார். ஆனால் பேடு என்றும் பேடி என்றும் சொல்லப்பட்டவர்களைப் பற்றிப் பேசும்போது, அவர்களை அஃறிணை போலவும் சொல்லலாம் என்று ஒரு வாசலைத் திறந்துவிட்டார். தெய்வம் உயர்திணையில் நிலைத்துவிட்டது. கூட நின்றவர் படியிறங்கிவிட்டார். இலக்கண நூலின் ஒரு வரியில் நடந்த இந்த இறக்கத்தின் விலையைத் தெருவில் கொடுத்தவர்கள் யார் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

தெய்வத்தை ஆளாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரைவிட நல்ல சாட்சி கிடையாது. பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதன் வழக்கு விவரத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். திருநாவலூர் நம்பியாரூரருக்குப் புத்தூரில் கல்யாணம். மணப்பந்தலுக்குள் ஒரு கிழவர் தடி ஊன்றி வந்து, இந்த மாப்பிள்ளை எனக்குப் பரம்பரை அடிமை, இவன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஆளோலை என்னிடம் இருக்கிறது என்கிறார். மாப்பிள்ளைக்கு ஆத்திரம்; கிழவரைப் பித்தன் என்று ஏசி, ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப்போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது நகல், மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் பத்திரமாக இருக்கிறது என்கிறார். வழக்கு அந்த ஊர்ச் சபைக்குப் போகிறது. சபையார் கிழவரின் வயதையும் தோற்றத்தையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. ஆட்சி, ஆவணம், சாட்சி எதை வைத்து நிரூபிக்கப் போகிறீர் என்று கேட்கிறார்கள். ஓலையைக் கரணத்தான் படிக்கிறான். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் தங்கள் கையெழுத்துத்தான் என்று ஒப்புக்கொள்கிறார்கள். பாட்டனார் கைப்பட எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, எழுத்தோடு எழுத்தை ஒத்துப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகுதான் தீர்ப்பு. கிழவராக வந்த சிவபெருமான் தன் பக்தனைக் கேட்டுப் பெறுவதற்குக்கூட ஆவணம் காட்டி, கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. வழக்கு நடந்ததாகச் சொல்லும் மண்டபத்தை இன்றும் அந்தக் கோயிலில் காட்டுகிறார்கள். நரைத்த தலையும் நடுங்கும் கையும் அந்தக் கிழவருக்குப் போட்ட வேடம்தான். சபையில் நின்று வழக்காடியதும், எதிராளியின் ஏச்சை வாங்கிக்கொண்டதும், நிரூபணத்தின் சுமையை ஏற்றுக்கொண்டதுமே அவரை ஆளாக்கின.

இது புராணத்தோடு முடிந்த சமாசாரமும் இல்லை. தெய்வச் சிலையைச் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளாக நடத்தும் வழக்கம் இந்திய நீதிமன்றங்களில் வேரூன்றியது. 1925இல் பிரிவி கவுன்சில் ஒரு கல்கத்தாக் குடும்பச் சிலை வழக்கில் அதை உறுதிப்படுத்தியது. சிலைக்கென்று ஒரு விருப்பம் உண்டு, அதைக் கேட்காமல் இடம் மாற்றக் கூடாது என்ற அளவுக்கு அந்தத் தீர்ப்பு போனது. தமிழ்நாட்டில் இதன் உச்சம் பத்தூர் நடராசர். 1976இல் அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்து, கடத்தப்பட்டு, லண்டன் போலீசாரின் கைக்கு வந்த அந்தச் செப்புத் திருமேனிக்காக, வாங்கிய கனடா நாட்டு நிறுவனம் ஒரு பக்கமும் இடிந்துகிடந்த கோயில் மறுபக்கமுமாக லண்டனில் வழக்கு நடந்தது. 1988இல் உயர் நீதிமன்றமும் 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கோயிலின் பக்கம் தீர்ப்புச் சொன்னதால் நடராசர் நாடு திரும்பினார். இங்கிலாந்துச் சட்டத்தில் கோயிலுக்கு ஆள் என்ற நிலை கிடையாது. ஆனாலும் அது பிறந்த மண்ணின் சட்டத்தில் ஆள் என்றால் இங்கேயும் வழக்காடலாம் என்று அந்த நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். 2017இல் நியூசிலாந்து நாடாளுமன்றம் வாங்கனூயி நதிக்கு இதே நிலையைக் கொடுத்தது. அதே ஆண்டு கங்கைக்கும் யமுனைக்கும் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இயற்கை அன்னையையே உயிருள்ள ஆளாக அறிவித்தது. இவற்றில் எந்த நதிக்கும் கண் மூக்கு வரைந்து பார்க்கவில்லை. யாரோ ஒருவர் கெடுத்தால் கேட்பதற்கு ஓர் உரிமை மட்டும் எழுதப்பட்டது.

செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களின் பாரதத் திருவிழா இதை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைடல் செஞ்சியை நடுவாக வைத்து இந்த வழிபாட்டைப் பற்றி 1988இலும் 1991இலும் இரண்டு பெரிய நூல்களை எழுதினார். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து என்று நாட்கணக்கில் நடந்து, பதினெட்டாம் போர் அன்று காலையில் படுகளம். கோயிலுக்கு வெளியே திடலில், மல்லாந்து படுத்த துரியோதனனை ஈர மண்ணால் வனைந்திருப்பார்கள்; ஆள் அளவில் இல்லை, ஒரு வீட்டின் நீளத்துக்கு. முறுக்கிய மீசை, விழித்த கண், கிரீடம், மார்பில் வண்ணப் பொடி. பீமன் வேடமும் துரியோதனன் வேடமும் கட்டிய கூத்தர்கள் அந்த மண்ணுடம்பைச் சுற்றியும் அதன் மேலேயும் ஓடிச் சண்டையிடுவார்கள். கடைசியில் தொடையில் அடி விழும். உள்ளே வைத்திருந்த செந்நீர் பீறிடும். திரௌபதி அந்த இடத்தில் கூந்தல் முடிப்பாள். அதோடு முடிந்தால் அது வெற்றி விழா. முடிவதில்லை. துரியோதனன் பக்கத்துப் பெண் வேடம் கையில் முறமும் துடைப்பமுமாக வந்து, மண்ணின் தலைமாட்டில் உட்கார்ந்து மாரடித்து ஒப்பாரி வைக்கும். கூட்டத்தில் நிற்கும் பெண்களும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பிறகு உடைந்த உடம்பிலிருந்து ஆளுக்கொரு பிடி மண் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

வில்லனுக்கு அழுவதற்கு ஆள் வைத்திருப்பதுதான் இந்தச் சடங்கின் நுட்பம். பதினெட்டு நாளும் ஊரே வெறுத்த ஒருவனைக் கொன்ற அடுத்த நிமிடத்தில், அவனுக்கும் ஒரு வீடு உண்டு, அவனுக்காக மாரடிக்க ஒருத்தி உண்டு என்று ஊரையே ஒத்துக்கொள்ள வைக்கிறது. எதிரியைக் கரப்பான், விஷப்பூச்சி, களை என்று அஃறிணையாக்கிவிட்டுக் கொல்வதுதான் இருபதாம் நூற்றாண்டின் படுகொலைகள் எல்லாவற்றுக்கும் முன்னேற்பாடு. 1994இல் ருவாண்டாவில் வானொலி இரவு பகலாக அந்த வேலையைச் செய்தது. படுகளம் செய்வது அதற்கு நேர் எதிர்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். மனிதனல்லாததை மனிதனாகப் பார்ப்பது அறிவுக் குறைபாடுதானே? மாட்டுக்கும் குதிரைக்கும் கை இருந்தால் அவை தங்கள் கடவுளை மாடாகவும் குதிரையாகவும்தான் வரைந்திருக்கும் என்று கிரேக்கத்தின் செனோஃபனீஸ் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கேலி செய்துவிட்டார். அவரை மறுக்க முடியாது. அம்மை நோயையே எடுத்துக்கொள்ளலாம். அதை நோய் என்று சொல்லாமல் ‘அம்மா வந்திருக்கா’ என்று சொன்ன நாட்டில், அம்மாவின் கோபத்துக்குப் பயந்து தடுப்பூசிக்காரரைக் கண்டால் கதவைச் சாத்தியவர்கள் உண்டு. பெரியம்மையை 1980இல் உலகத்திலிருந்தே ஒழித்தது வேப்பிலை இல்லை, ஊசிதான். எது எதனால் வருகிறது என்ற கேள்விக்கு ‘அம்மா வந்திருக்கா’ என்பது தவறான பதில். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு பதில் சொன்ன வேறு கேள்வி ஒன்று உண்டு. படுத்திருப்பவரை என்ன செய்வது? வாசலில் வேப்பிலை செருகினால் வெளியார் உள்ளே வரமாட்டார்கள். தாளிப்பு வாசம் கூடாது, சத்தம் கூடாது, வீட்டில் சண்டை கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டுக்காரர் எங்கும் போகக் கூடாது. உடம்பெல்லாம் கொப்புளமாகக் கிடக்கும் ஒருவரைப் பார்த்து முகம் சுளிப்பதற்குப் பதிலாக, அவர் உடம்பில் இருப்பது அம்மா என்று இளநீரும் மோரும் கொடுத்து மரியாதையாகப் பேசினார்கள். தொழுநோய்க்கு அப்படி ஓர் அம்மா வாய்க்கவில்லை. தொழுநோயாளிகளை என்ன செய்தோம் என்பதும் தெரிந்ததுதான். விஞ்ஞானி கேட்கிற கேள்வியும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்கிற கேள்வியும் வேறு. ஆளாக்குவது இரண்டாவதற்கான விடை. அதை முதலாவதற்கு எடுத்துப் போட்டபோதுதான் கெடுதல் வந்தது. ‘நான்’ என்று தன்னைச் சொல்லிக்கொண்டு நம்மோடு பேசுகிற கணினி நிரல்கள் வந்துவிட்ட காலத்திலும் இதே கவனம் தேவை. பேச்சுத் திறமையைப் பார்த்து மயங்கத் தேவையில்லை. அதன் பேச்சுக்குப் பொறுப்பேற்று யார் வந்து நிற்பார் என்று கேட்டால் போதும்.

இலக்கணத்தில் நடந்த இறக்கத்தின் விலையைக் கொடுத்தவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன் என்றேன்; அதற்காகக் கூவாகத்துக்கு வருகிறேன். கூத்தாண்டவர் கோயில் இருக்கும் உளுந்தூர்பேட்டை வட்டம் 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தோடு போய்விட்டாலும், சித்திரைத் திருவிழாவுக்கு வரும் திருநங்கைகள் தங்குவதும் அழகிப் போட்டி நடப்பதும் இன்றும் விழுப்புரம் நகரத்தில்தான். கூத்தாண்டவர் என்பது அரவான். அர்ச்சுனனுக்கு நாகக் கன்னியிடம் பிறந்தவன். பாண்டவர் வெற்றிக்காகக் களப்பலியானவன். சாகப்போகிறவனுக்கு யாரும் பெண் கொடுக்காததால் கண்ணனே மோகினியாகி அவனை மணந்து, மறுநாள் தாலி அறுத்தான் என்பது கதை. முதல் நாள் மாலை பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிற திருநங்கைகள், விடிந்ததும் அதை அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலைக்கு மாறுகிறார்கள். இதைப் பற்றி ஆண்டுதோறும் பத்திரிகைகள் எழுதிவிடுகின்றன. குறைவாக எழுதப்படுவது தேரில் ஏறும் அரவானின் உடம்பைப் பற்றி. அந்த உடம்பு ஒரே ஊரில் செய்யப்படுவதில்லை. மார்பு, புஜம், கை, கால் என்று நத்தம், தொட்டி, கீரிமேடு முதலான பக்கத்து ஊர்களிலிருந்து உறுப்பு உறுப்பாக வருகின்றன. வைக்கோல் பிரிகளும் பூமாலைகளுமாகச் சேர்த்துக் கட்டி, மேலே பெரிய மீசை வைத்த தலையை ஏற்றிய பிறகுதான் அவன் ஓர் ஆள். தேர் அழுகளத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அவன் களையிழந்து, சாகிறவனாகிவிடுகிறான். பல ஊர் கூடி ஒருவனை ஆளாக்கி, ஒரே நாளில் இழந்து, கூடி அழுகிற ஏற்பாடு அது.

அந்த அழுகையில் முன்வரிசையில் இருப்பவர்கள், நன்னூல் திறந்துவிட்ட வாசல் வழியாகத் தெருவில் ‘அது’ ஆனவர்கள். 1871இல் ஆங்கிலேயர் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தின் ஒரு பகுதி, வட இந்தியாவில் இவர்களைப் பெயர் எழுதிக் கண்காணிக்கச் சொன்னது. நம் ஊரில் சட்டம்கூடத் தேவைப்படவில்லை. பேருந்திலும் கடைத்தெருவிலும் ‘அது வருது பாரு’ என்ற ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்தது. திருநங்கை என்ற சொல் அரசு வழக்கில் ஏறியதும், 2008இல் தமிழ்நாட்டில் நல வாரியம் அமைந்ததும், 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றுக்கொண்டதும் தொல்காப்பியம் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் கொடுத்த இடத்துக்குத் திரும்பி வந்ததுதான். பேச்சில் ‘அவங்க’ என்று மாறியவர்கள் இப்போது நிறையப் பேர். மாறாதவர்களும் நிறையப் பேர்.

‘அது’ என்பதில் என்ன தப்பு, குழந்தையை அப்படித்தானே சொல்கிறோம் என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். குழந்தை அழுதது என்றுதான் எழுதுகிறோம். ‘பொண்ணு வந்துச்சு’ என்பது வட மாவட்டங்களில் பிரியமான பேச்சு. வீட்டுக்காரியை ‘அது ஊருக்குப் போயிருக்கு’ என்று சொல்கிற கணவன் அவளை வெறுக்கிறான் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பிரியமான ‘அது’ எந்தத் திசையில் பாய்கிறது என்று பார்க்க வேண்டும். பெரியவர் சிறியவரை, கணவன் மனைவியை, வீடு பிள்ளையைச் சொல்கிறது. கலெக்டரைப் பற்றி ‘அது மீட்டிங்குக்குப் போயிருக்கு’ என்று அவருடைய அலுவலகத்தில் யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? கணவனைப் பற்றிப் பேசுகிற மனைவி ‘அவர்’ என்பார், ‘அவங்க’ என்பார். மேலே பாயாத பிரியம் பிரியமாக இருக்கலாம். அதில் சமத்துவம் இல்லை. குழந்தைக்காவது ஒரு வழி இருக்கிறது, வளர்ந்ததும் அவன், அவள், பிறகு அவர் என்று ஏறிவிடும். எத்தனை வயதானாலும் ஏறவிடாமல் பிடித்துவைக்கப்பட்டவர்களைப் பற்றித்தான் பேச்சு.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது; அதற்கு என்னிடம் முழுப் பதிலும் இல்லை. கல்லையும் மண்ணையும் ஆளாக்கத் தெரிந்த சமூகத்துக்கு, பக்கத்துத் தெருக்காரன் ஆள் என்று தெரியாமல் போனது எப்படி? விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் 2023 ஏப்ரலில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன பட்டியல் சமூகத்தவர்கள் தாக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தைகள் பலிக்கவில்லை, ஜூன் 7ஆம் தேதி வருவாய்த் துறை கோயிலுக்குச் சீல் வைத்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டு 2024 மார்ச்சில் பூசைக்கு மட்டும் கதவு திறந்தது. எல்லாத் தரப்பும் உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உள்ளே இருக்கும் தெய்வம் யார் என்று நினைத்துப் பார்த்தால் இதன் முரண் உறைக்கும். சூதாட்டத்தில் பணயப் பொருளாக வைக்கப்பட்டவள் திரௌபதி. தன்னையே தோற்றுவிட்டவனுக்கு என்னை வைத்து ஆட உரிமை ஏது என்று சபையில் கேட்டு, பொருளாக இருக்க மறுத்தவள். அவளைக் கும்பிடுகிற உரிமையிலேயே ஆள், ஆளல்லாதவர் என்று கோடு கிழித்தார்கள். தெய்வத்தை ஆளாக்குவதால் மனிதனை ஆளாக மதிக்கும் பழக்கம் தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால், மேல்பாதி அதைப் பொய்யாக்கிவிட்டது. தெய்வத்துக்குக் கொடுப்பதில் நமக்கு நஷ்டம் இல்லை. தெய்வம் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காராது. ஆனாலும் இதற்காகப் பழைய சடங்கையே தூக்கியெறிய வேண்டும் என்ற முடிவுக்கு என்னால் போக முடியவில்லை. மேல்பாதியில் உள்ளே போகக் கேட்டவர்களும் அதே திரௌபதியைத்தான் கேட்டார்கள்.

‘ஆள்’ என்ற சொல்லுக்கே இந்த இரட்டை வாழ்க்கை உண்டு. ஆளாக்கினார் என்றால் பெருமை. நாளைக்கு எட்டு ஆள் வேண்டும் என்றால் அது கூலிக் கணக்கு. பண்ணையாள் என்றால் அடிமைக்குப் பக்கத்துச் சொல். ஆளோலை என்றால் அடிமைப் பத்திரமேதான். திண்டிவனம் சுற்றுவட்டாரத்து இருளர் குடும்பங்கள் இந்தக் கூலிக் கணக்கின் ஆளாகத் தலைமுறைகளைக் கழித்தவர்கள். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டும் இடத்திலும் முன்பணம் என்ற பெயரில் சில ஆயிரம் ரூபாய் கைமாறும். அது அடையும்வரை குடும்பமே அங்கே கட்டுண்டு கிடக்கும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. மீட்கப்படுகிறவருக்கு இனி இந்தக் கடன் செல்லாது என்று அரசு விடுதலைச் சான்று தர வேண்டும் என்பது விதி. வெண்ணெய்நல்லூர் ஆளோலைக்கு மறுதலையான ஓலை அது. இருளர்களைத் தனித்த பாதிப்புள்ள பழங்குடிகளில் ஒன்றாக அரசு அறிவித்திருந்தும், பிள்ளைக்குப் பழங்குடிச் சான்று வாங்குவது பெரும்பாடு. தாசில்தாரால் தர முடியாது, வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அவர் விசாரணைக்கு வர வேண்டும். சான்று இல்லையென்றால் உதவித்தொகை இல்லை, விடுதியில் இடம் இல்லை. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று வளர்த்த பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலையில் பெரும்பகுதி, போலீஸ் நிலையத்திலும் கோட்டாட்சியர் அலுவலகத்திலும் இந்தக் காகிதங்களுக்காக நிற்பதுதான்.

மனிதத் தன்மையைக் கொடுக்க நீ யார், அவர்கள் ஏற்கெனவே மனிதர்கள்தானே என்று இந்த வினையையே எதிர்ப்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒருவரை ஆளாக்கினேன் என்று மார்தட்டும் எவரும் அவரைத் தனக்குக் கீழே நிறுத்தித்தான் பேசுகிறார். அந்தச் சொல் தெய்வத்துக்கும் நதிக்கும் எந்திரத்துக்கும் பொருந்தும், மனிதருக்குப் பொருந்தாது. மனிதர் விஷயத்தில் நாம் செய்யக்கூடியது, செய்த தப்பை நிறுத்துவது மட்டும்தான். சூளையில் வேலை செய்த அறுபது வயதுக்காரரை இருபது வயதுக்காரர் ‘வாடா’ என்று கூப்பிடுவதை நிறுத்துவதற்கு எந்தத் தத்துவமும் தேவையில்லை.

அரசு அலுவலக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களிடம் கேட்க ஒன்று உண்டு. நாளை காலை சான்றிதழுக்கு மனுவோடு வருகிறவர் எந்தத் தெருக்காரராக இருந்தாலும், எந்தப் பாலினத்தவராக இருந்தாலும், ‘வாங்க, உட்காருங்க’ என்று சொல்லி நாற்காலியைக் காட்டுங்கள். மனுவை வாங்கிக்கொண்டு, என்றைக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று தேதியையும் சொல்லி அனுப்புங்கள்.